ஊழலைப் பேச யார் பணம்?

சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஏழெட்டு ஊர்களில் ஊழல் பற்றி வீதி நாடகம் போட நினைத்தோம். வண்டி வாடகை, சாப்பாடு, துண்டறிக்கை எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. கோவையில் வசதியான ஒருவர் முழுத் தொகையையும் தருவதாகச் சொன்னார். "லஞ்சத்தப் பத்திப் பேசுங்க, நல்ல காரியமுங்க. சாதிய மட்டும் உள்ள கொண்டாராதீங்க" என்றார். காலனிக்கு ஒதுக்கிய பணம் ஏன் காலனிக்கு வரவில்லை என்பதுதான் நாடகத்தின் கதையே. அதனால் பணம் வேண்டாம் என்று திரும்பி வந்தோம். நாடகம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குள் ஓடிய கேள்வி இதுதான்: அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற வேலைக்கு இதற்கு முன் யார் பணம் கொடுத்தார்கள்? தோழர்களே, நம் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் ஒரு வார இதழ் தொடங்கினார். அதன் விலையே அதன் பெயர்: 'ஒரு பைசாத் தமிழன்'. ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய நம் மக்கள் அதன் வாசகர்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும் அந்தப் பெயர் சாகவில்லை. 1926இல் கோலாரிலிருந்தே, ஜி. அப்பாதுரையார் கையில், மீண்டும் வந்தது. வாசகரை நம்பி நின்ற இதழை வாசகர்களே மறுபடி எழுப்பினார்கள்.

ஆனால் கூலிக்காரர்களின் காசு மட்டுமே எப்போதும் போதாது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்க, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். 1902லேயே தன் சமஸ்தானத்தில் 50 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தவர் அவர். ஆக, பெரிய மனிதரிடம் வாங்குவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. கொடுப்பவர் பதிலுக்கு எதை விட்டுவிடச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஊழலுக்கு எதிரான மக்கள் வேலைக்குப் பெரிய பாடம் ராஜஸ்தானில் இருக்கிறது. 1990 மே 1 அன்று அங்கே உழைக்கும் விவசாயிகளும் கூலிகளும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனைத் தொடங்கினார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதில் இருந்தார்கள். முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவிலேயே வாழ்ந்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. அரசு வேலையின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொடுத்தன. நகர மக்கள் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். அங்கிருந்து வளர்ந்த இயக்கம்தான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. தமிழ்நாடு 1997லேயே நாட்டில் முதலாவதாக இப்படி ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அதில் தகவல் தர மறுப்பதற்கான விலக்குகளே அதிகம். அதன் பின்னால் தெருவில் உட்கார்ந்த மக்களும் இல்லை.

2007 வாக்கில் தமிழ்நாட்டில் 'ஐந்தாவது தூண்' அமைப்பு பூஜ்ய ரூபாய் நோட்டை அச்சடித்துக் கொடுத்தது. லஞ்சம் கேட்பவர் கையில் அதைக் கொடுக்க வேண்டும். பயந்தவருக்கு அது ஒரு தைரியம். ஆனால் நம்மிடம் நடக்கும் பெரிய திருட்டு அந்த ஜன்னல் வரைக்கும் வருவதே இல்லை. 2010 காமன்வெல்த் போட்டியை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டப் பணத்தில் 700 கோடி ரூபாய்க்கு மேல் டெல்லி அரசு போட்டி வேலைகளுக்குத் திருப்பிவிட்டிருந்தது. தகவல் அறியும் உரிமை மனு மூலம் இது வெளியே வந்தது. மனுக் கட்டணம் 10 ரூபாய். அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நாடாளுமன்றத்தில் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

10 ரூபாய் மனுவை எழுதத் தெரிந்தவர், பதில் வரும்வரை அலைய முடிந்தவர், மிரட்டினால் துணைக்கு நிற்பவர் – இதற்குத்தான் நிதி வேண்டும். வெளிநாட்டு நிதி அதில் ஒரு பங்கைத் தாங்கியது. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. ஓர் அமைப்பு வாங்கிய நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்ற சின்னச் சின்னக் கிராம அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது.

எங்கள் நாடகத்துக்கு வருவோம். தூய்மைப் பணியாளர்கள், மில் தொழிலாளிகள், கல்லூரி மாணவர்கள் என்று பத்தும் இருபதுமாக வசூலித்தோம். ஒரு அக்கா நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியை அப்படியே தந்தார். "ரசீது குடு அம்மிணி" என்று எங்கள் தோழியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மொத்தம் பதினோராயிரம்தான் சேர்ந்தது. வண்டிக்காரருக்கு இரண்டு மாதம் கடன் வைத்தோம். நான்கு ஊரோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒவ்வொரு ஊரிலும் நாடகம் முடிந்ததும் முதலில் எங்கள் வரவு செலவைப் படித்தோம். மூன்றாவது ஊரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "இருவது ரூவாய்க்கு நீங்க கணக்குச் சொல்றீங்க. எங்க காலனி ரோட்டுக்கு யாருங்க கணக்குச் சொல்றது?" என்றார். அடுத்த கிராம சபையில் அதே கேள்வியை அவரே கேட்டார். அன்றைக்குப் பதில் வரவில்லை. மனு போட்டிருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் அமைப்பின் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய் பீம்.