பொறியாளர் ஊதியத்தில் இரு ஏணிகள்

பிற மாநிலங்களில் பணியாற்றும் நாம், ஊருக்கு ஊர் ஊதியம் மாறுவதைக் காண்கிறோம். முற்காலத்து வேற்றுமையோ இதனினும் கசப்பானது. ரூர்க்கியில் 1847-இலேயே பொறியியற் கல்லூரி தோன்றிவிட்டது. ஆயினும் இந்தியப் பொதுப்பணித் துறைக்கென்றே 1871-இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி நிறுவப்பட்டது. 1892-இல் அத்துறைப் பொறியாளர் இரு பிரிவினராயினர். இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இம்பீரியல் பிரிவினர். இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் மாகாணப் பிரிவினர். பணி ஒன்றே, சம்பளமோ பின்னவர்க்குக் குறைவு. ஆண்டுகள் கூடக்கூட ஊதியம் உயர்ந்தது உண்மைதான். ஏணியே வேறானபோது அனுபவம் என் செய்யும்? கடல் கடந்து வந்தோர்க்குச் செலவு மிகுதி என்று காரணம் கூறினர். அச்செலவைத் தனிப்படியாக அளித்திருக்கலாகாதா? இன்று மத்திய அரசுப் பொறியாளர்க்கு, ஒரே நிலையில், சென்னையிலும் டில்லியிலும் அடிப்படைச் சம்பள விகிதம் ஒன்றே. ஊரைப் பொறுத்து மாறுவன வீட்டு வாடகைப்படி போன்றவையே.