யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

சோழர், பல்லவர்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும் மக்களே. இன்னிக்கு நம்ம வரலாற்றுப் பதிவு ஒரு ரப்பர் பையையும் அதுக்குள்ள அடைபட்ட காத்தையும் பத்தினது.

போன வருஷம் நான் ஒரு பழைய ரேஞ்ச் ரோவர் வாங்கக் கிளம்பினேன். நான் குப்பை கொட்டுறது கவன்ட்ரி பக்கம். அந்த வண்டி பிறந்த சோலிஹல் இங்கிருந்து கூப்பிடு தூரம். "யானையைக் கட்டித் தீனி போட நம்மால ஆகுமா?" என்று தங்கமணி ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்றதுக்காகப் படிக்க ஆரம்பிச்சவன், படிச்சுக்கிட்டே இருந்துட்டேன். அதுதான் இந்தப் பதிவு.

வாங்க நினைச்சதுக்குக் காரணம் பந்தா இல்லை. வருஷா வருஷம் கோடையில் அம்மா இங்கே வந்து தங்குவாங்க. இப்ப ரெண்டு முட்டியும் தகராறு. எங்க சின்னக் காருல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. நண்பனோட பெரிய வண்டியில ஏறவே முடியலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வண்டி வேணும். இல்லைன்னா, தேவைப்படும்போது குனிஞ்சு கொடுக்குற வண்டி வேணும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 90-களில் சென்னை போற ஆம்னி பஸ்ஸோட பக்கவாட்டுல 'ஏர் பஸ்'னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கும். "இது பறக்குமா?"ன்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். "அடியில ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து இருக்குடா"ன்னார். நான் நம்பலை. ஆனா அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை.

எஃகு ஸ்பிரிங் ஒரு பிடிவாதக்காரன். செய்யும்போது எவ்வளவு விறைப்பு வச்சாங்களோ அதுதான் கடைசி வரைக்கும். காலி வண்டிக்கு இதமா வச்சா, ஆள் ஏறினதும் பின்பக்கம் தொங்கும். பாரத்துக்கு ஏத்த மாதிரி வச்சா, காலியாப் போகும்போது இடுப்பை ஒடிக்கும். காத்து அப்படி இல்லை. அமுக்க அமுக்க விறைக்கும். பாரம் ஏறினா இன்னும் கொஞ்சம் காத்து அடிச்சு பழைய உயரத்துக்கே கொண்டு வரலாம், இறங்கினா வெளியே விட்டுடலாம். காலியாகவும் நிறைஞ்சும் மாறி மாறி ஓடுற பேருந்துக்கு இதைவிட வேறென்ன வேணும்? அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 1930-களிலேயே இந்தக் காற்று ஸ்பிரிங்கில் இறங்கிவிட்டது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் பேருந்துகளில் அது நிலைத்து நின்றது.

பேருந்தில் ஜெயிச்சது காரில் ஜெயிக்காதா என்ன? 1957-ல் கேடிலாக் எல்டொராடோ புரோம் வந்தது. விலை 13,074 டாலர். நாலு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங். அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே தொடங்கி கேடிலாக் வரை தன் 5 பிராண்டிலும் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. பல பிராண்டுகள் அதுக்கு ஒரு செல்லப் பெயர் வேற வச்சுச்சு.

வந்த வேகத்திலேயே போச்சு. காத்தோட சேர்ந்து ஈரமும் குழாய்க்குள்ள போகும். குளிர்ல அது உறையும், வால்வு சிக்கும். மூட்டுகள்ல கசியும். காலையில எழுந்து பார்த்தா வண்டி தரையில படுத்திருக்கும். 13 ஆயிரம் டாலர் கொடுத்தவங்களே பல பேர் காற்றுப் பையைக் கழட்டி வீசிட்டு சாதா காயில் ஸ்பிரிங் போட்டுக்கிட்டாங்க. இன்னிக்கு ஒரிஜினல் காற்று ஸ்பிரிங்கோட ஒரு எல்டொராடோ புரோம் கிடைச்சா பழைய வண்டிப் பிரியர்கள் கண்ணுல ஒத்திக்குறாங்க.

இந்தக் கேடிலாக் கதையை ஞாபகம் வச்சுக்கங்க. 40 வருஷம் கழிச்சு இங்கிலாந்துல திரும்பவும் வரும்.

ஐரோப்பாவில் காத்தை இவ்வளவு சுலபமா விட்டுடலை. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் வேறு வழி பிடிச்சது: உருண்டைக் கலத்துக்குள் அடைத்த வாயு, அதை அமுக்க எண்ணெய். மெர்சிடிஸ் 1961-ல் 300 எஸ்இ-யிலும் 1963-ல் பிரம்மாண்டமான 600-லும் காற்று ஸ்பிரிங்கையே வைத்தது. ஆனா இதெல்லாம் தார் ரோட்டுச் சீமான்கள். சேத்துல இறங்குற வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்துச்சு.

சேத்து வண்டியோட கதை தனி. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் கம்பெனி லேண்ட் ரோவரை இறக்கினப்ப, அது ஒரு விவசாயக் கருவி. போருக்குப் பிறகு எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால உடம்பு அலுமினியக் கலவை. கீழே பட்டை ஸ்பிரிங். பசு மாட்டைத் தவிர யாரும் சொகுசு எதிர்பார்க்கலை :-)

1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர் வந்தப்பதான் ரெண்டு உலகமும் கை குலுக்கினது. பொறியாளர் ஸ்பென் கிங் செய்த முக்கியமான வேலை, பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு நீளமா அசையுற காயில் ஸ்பிரிங்கை வச்சது. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், எப்பவும் நாலு சக்கர இழுவை, ப்யூக் வழி வந்த 3.5 லிட்டர் வி8 இன்ஜின். பாரம் ஏறினா பின்பக்கம் தொங்காம இருக்க, அப்பவே பின் அச்சுல தானா மட்டம் பார்த்துக்குற ஒரு அமைப்பும் இருந்துச்சு. விலை 1,998 பவுண்டு. உள்ளே வினைல் இருக்கை, தரையில ரப்பர் விரிப்பு. சேறானா ஹோஸ் பைப்பை விட்டுக் கழுவலாம்.

அப்புறம் பணக்காரங்க கண்ணு பட்டுச்சு. 1981-ல் 4 கதவு, 1982-ல் ஆட்டோமேடிக் கியர், 1987-ல் அமெரிக்க விற்பனை. தோலும் மரப் பலகையும் உள்ளே ஏறின. 1992-ல் நீளமான எல்எஸ்இ மாடல் வந்தப்ப, மின்னணுக் கட்டுப்பாட்டோட காற்று சஸ்பென்ஷன் வந்தது. இந்த ரக வண்டிகளில் அதுதான் முதல் என்று சொல்வார்கள்.

இங்கே காத்துக்கு ஒரு புது வேலை கிடைச்சது. கேடிலாக்குல அது சொகுசுக்கு மட்டும். இங்கே உயரத்துக்கும். பாறை வந்தா நிமிரணும், மோட்டார்வேயில குனியணும், ஆள் ஏறும்போது மண்டி போடணும். 1994 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறைதான் நான் தேடினது. சோலிஹல் ஆலையில் அதை வடிவமைச்ச கட்டடத்தோட எண்ணையே பெயரா வச்சு பி38ஏ-ன்னு கூப்பிடுவாங்க. எல்லா பி38-க்கும் காற்று சஸ்பென்ஷன்தான். மேல்தட்டு 4.6 மாடல் புதுசுல 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டினது. 2001 வரை வந்தது.

வண்டி மட்டுமா செகண்ட் ஹேண்ட்? கம்பெனியே கை மாறிக்கிட்டேதான் இருந்துச்சு. 1967-ல் லேலண்ட், 1975-ல் அரசுடைமை, 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994-ல் பிஎம்டபிள்யூ, 2000-ல் ஃபோர்டு. 2008-ல் ஜாகுவாரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு நம்ம டாடா. ஃபோர்டு ரெண்டுக்கும் கொடுத்த விலையில் அது பாதிகூட இல்லை. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினதைப் படிச்சப்ப, சித்தப்பாவைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

சரி, பழைய பி38-க்கு வருவோம். பானெட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. அதுக்குள்ள கம்ப்ரசரும் வால்வுத் தொகுப்பும். சட்டத்தோட ஒட்டி ஒரு காற்றுத் தொட்டி. நாலு மூலையிலும் ரப்பர் பை, நாலு உயர உணரிகள், எல்லாத்தையும் மேய்க்க ஒரு கணினி. சிஸ்டம் குழம்பினா கணினி கையை விரிச்சுடும். வண்டி தரையோட குந்திக்கும். டாஷ்போர்டுல மணிக்கு 35 மைலுக்கு மேல போகாதேன்னு எழுத்து ஓடும்.

இதில் ஒரு குசும்பு இருக்கு. நிறுத்தி வச்ச பிறகும் கணினி சில மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிச்சுப் பார்க்கும். ஒரு மூலை கசிஞ்சு இறங்கியிருந்தா, மட்டமா வைக்கணுமேன்னு மத்த மூணு மூலையையும் அதே அளவுக்கு இறக்கிடும். காலையில பார்த்தா நாலும் படுத்திருக்கும். திருடன் எந்த மூலைன்னே தெரியாது. விவரம் தெரிஞ்சவங்க அந்த டைமர் ரிலேயைக் கழட்டி வச்சுட்டு ராத்திரி விட்டுப் பார்ப்பாங்க. எது தனியா இறங்குதோ அதுதான் குற்றவாளி.

இப்ப அந்த 40 வருஷக் கதை. புது வண்டி வாங்கினவருக்கு ரப்பர் பை மாத்துறது ஒரு செலவே இல்லை. 10 வருஷம் கழிச்சு வண்டியோட விலை தரை மட்டத்துக்கு வந்துச்சு. பராமரிப்பு மட்டும் 40 ஆயிரம் பவுண்டு வண்டிக்கு உண்டான பராமரிப்பாவே நின்னுச்சு. விலை இறங்கும், தீனி இறங்காது. மூணாவது, நாலாவது கைக்கு வந்தப்ப, கேடிலாக் முதலாளிகள் செஞ்சதையே இவங்களும் செஞ்சாங்க: காத்தைக் கழட்டி எறிஞ்சுட்டு காயில் ஸ்பிரிங்.

நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் செஞ்சதாலதான் எத்தனையோ வண்டி காயலான் கடைக்குப் போகாம தப்பிச்சது. ஆனா இன்னொரு கூட்டமும் இருந்துச்சு. பிழைக் குறியை அழிக்க டீலரோட கருவிதான் வேணும்னு இருந்த காலத்தில், ஒரு ஆர்வலர் மடிக்கணினியில் ஓடுற மென்பொருள் எழுதி இலவசமா கொடுத்தார். வால்வுத் தொகுப்பை முழுசா மாத்த வேண்டாம், உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் வளையங்களை மாத்தினாப் போதும்னு கண்டுபிடிச்சு, படத்தோட விளக்கினாங்க. காசு வாங்காம ஒருத்தருக்கொருத்தர் எழுதிக் கொடுத்துதான் இந்த வண்டிகள் இன்னும் நிமிர்ந்து நிக்குது.

முதல்ல பார்த்த வண்டி பளபளன்னு இருந்துச்சு. விற்கிறவர் ஏற்கெனவே இன்ஜினை ஓட விட்டு வச்சிருந்தார். "குளிரா இருக்கு, உங்களுக்காக சூடு பண்ணினேன்"னார். ரொம்பக் கரிசனம்! கம்ப்ரசர் பெட்டி மேல கை வச்சேன், தோசைக்கல். ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததை நான் வர்றதுக்குள்ள எழுப்பி நிறுத்தியிருக்கார். நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டினேன்.

ரெண்டாவது, 2000-ஆம் வருஷத்து வண்டி. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் போனப்ப வண்டி குளிர்ந்து கிடந்தது. முன் இடது மூலை மட்டும் லேசா தாழ்ந்திருந்துச்சு. "ரிலேயை வேணும்னே கழட்டி வச்சிருக்கேன், நீங்க நேர்ல பார்க்கணும்னு. ரெண்டு நாள் நிறுத்தினா இவ்வளவு இறங்கும். மத்த மூணு பை நான் மாத்தினது"ன்னார். ஒரு அட்டைப் பெட்டி நிறைய பில்லு. பொத்தானை அமுக்கினார். மெதுவா எழுந்துச்சு, நிமிர்ந்துச்சு, அப்புறம் மண்டி போட்டுச்சு. நான் பேரம் பேசவே மறந்துட்டேன் (தங்கமணி இதைப் படிக்க மாட்டார்னு நம்புறேன்).

வாங்க நினைக்கிறவங்களுக்கு ரத்தினச் சுருக்கமா: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்க. எல்லா உயரத்துக்கும் ஏத்தி இறக்கச் சொல்லுங்க. முழு உயரத்துல நிறுத்தி, பையோட அடி மடிப்புல வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்ப்ரசர் நிக்காம ஓடினா கசிவு நிச்சயம். வி8-ல் கூலன்ட் குறையுதான்னு விசாரிங்க, அதோட செலவுக்கு முன்னாடி காத்துப் பை கொசுறு. இங்கிலாந்துல இருந்தா அரசாங்கத் தளத்துல பழைய எம்ஓடி சோதனை விவரம் இலவசமாவே பார்க்கலாம். எல்லாத்துக்கும் மேல, காத்தை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விட்டுடாதீங்க. ஸ்டாண்டு கொடுக்காம யாரும் நுழையக் கூடாது.

இந்த ஜூன்ல ஏர்போர்ட்டுல அம்மாவைக் கூப்பிடப் போனேன். வண்டியை இறக்குற பொத்தானை அமுக்கினேன். பாதி இறங்குறதுக்குள்ள அம்மா அவசரப்பட்டு கதவைத் திறந்துட்டாங்க. கதவு திறந்திருந்தா அது அசையாது, அப்படியே நின்னுச்சு. "மூடும்மா, இன்னும் உட்காரலை"ன்னேன். மூடினாங்க. மிச்சமும் இறங்குச்சு. கைப்பிடியைப் பிடிச்சு, முனகாம ஏறி உட்கார்ந்தாங்க.

"கோயில் யானை மாதிரி உட்காருதுடா. இதுக்கு என்ன தீனி போடுற?"

தங்கமணி பின் சீட்டுலேர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைச் சரி பண்ற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

டிஸ்கி: முன் இடது பை போன வாரம் நானே மாத்திட்டேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போச்சு. 'ஏர் பஸ்' ஓட்டின, பழுது பார்த்த அனுபவம் உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அந்த வரலாறும் யாராவது பதிவு பண்ணி வைக்க வேண்டியதுதான்.