ஓட்டத்தில் பாத இயக்கம்

ஓட்டத்தில் பாத இயக்கம் என்பது ஓடும்பொழுது பாதம் தரையைத் தொட்டு, உடல் எடையைத் தாங்கி, மீண்டும் உந்தி எழும் முறையைக் குறிக்கும். இது உயிரியக்கவியல் துறையின் ஒரு பகுதியாகும். பாதத்தின் வடிவத்தை மட்டும் கொண்டு ஒருவருக்குப் பொருத்தமான காலணியையோ அவருக்கு ஏற்படக்கூடிய காயத்தையோ முடிவு செய்ய இயலாது. ஓடும் வேகம், தரையின் தன்மை, பழக்கம், பயிற்சியின் அளவு ஆகியவற்றையும் சேர்த்தே கருத வேண்டும்.

பாதத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இவை உட்புற நீள்வளைவு, வெளிப்புற நீள்வளைவு, குறுக்கு வளைவு என மூன்று வளைவுகளாக அமைந்துள்ளன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை செல்லும் உறுதியான திசுப்பட்டை நீள்வளைவைத் தாங்குகிறது. எடை இறங்கும்பொழுது வளைவு சற்றுத் தாழ்ந்து ஆற்றலைச் சேமிக்கும். பாதம் எழும்பொழுது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கெண்டைக்கால் தசையைக் குதிகாலுடன் இணைக்கும் குதிநாணும் இவ்வாறே சுருள்வில் போலச் செயற்படுகிறது. 1987ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் கைமாறும் ஆற்றலில் ஏறத்தாழ 35 விழுக்காட்டைக் குதிநாணும் 17 விழுக்காட்டைப் பாத வளைவும் சேமிப்பதாக மதிப்பிட்டது.

ஓட்டச் சுழற்சி

ஒரு பாதம் தரையைத் தொடுவதிலிருந்து அதே பாதம் மீண்டும் தொடுவது வரை ஒரு சுழற்சி ஆகும். பாதம் தரையில் இருக்கும் காலம் ஊன்றுநிலை எனவும், காற்றில் இருக்கும் காலம் வீச்சுநிலை எனவும் கூறப்படும். நடையில் ஊன்றுநிலை சுழற்சியின் ஏறத்தாழ 60 விழுக்காடாகும். ஆகவே சிறிது நேரம் இரு பாதங்களும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஊன்றுநிலை பாதிக்கும் குறைவு. இரு பாதங்களும் தரையை விட்டு நீங்கும் பறப்புநிலையும் உண்டு. ஓடும்பொழுது தரை பாதத்தின் மீது செலுத்தும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு வரை இருக்கும்.

தரையைத் தொடும் முறைகள்

- குதிகால் ஊன்றல்: குதிகால் முதலில் படும். நெடுந்தொலைவு ஓடுபவர்களில் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. முழங்காலுக்குச் சுமை அதிகம்.
- நடுப்பாத ஊன்றல்: குதிகாலும் முன்பாதமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படும்.
- முன்பாத ஊன்றல்: விரல்களின் அடிப்பகுதி முதலில் படும். விரைவோட்டத்தில் இயல்பானது. குதிநாணுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் சுமை அதிகம்.

ஆகவே ஊன்றும் முறையை மாற்றுவது சுமையை நீக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுகிறது.

உட்சாய்வும் காலணித் தெரிவும்

தரையைத் தொட்ட பின் பாதம் உட்புறமாகச் சற்றுச் சாய்வது உட்சாய்வு எனப்படும். இது குறையன்று, அதிர்ச்சியைத் தாங்க உதவும் இயல்பான அசைவாகும். ஈரப் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதித்து வளைவின் உயரத்தை ஒருவாறு அறியலாம். எனினும் அத்தடம் நிற்கும் பாதத்தையே காட்டும். ஓடும் பாதத்தைக் காட்டாது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்கப் படைப்பயிற்சியாளர்கள் மீதான ஆய்வுகளில், வளைவின் உயரத்திற்கேற்பக் காலணி வழங்கியது காயங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

வெறுங்கால் ஓட்டம்

1992இல் ராவ், பெஞ்சமின் சோசப் ஆகியோர் இந்தியாவில் 2300 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். தட்டைப்பாதம் காலணி அணிந்தோரிடம் 8.6 விழுக்காடாகவும், அணியாதோரிடம் 2.8 விழுக்காடாகவும் இருந்தது.

2010இல் நேச்சர் இதழில் டேனியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுவதாக எழுதினர். ஆனால் வட கென்யாவின் தாசனாச்சு மக்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், தமக்கு இயல்பான வேகத்தில் ஓடிய வெறுங்கால் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் குதிகாலையே ஊன்றினர். வேகம் கூடியபொழுது குதிகால் ஊன்றல் குறைந்தது.

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 உரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடனும், 1964 டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைக் காலணியுடனும் ஓடி, இரண்டிலும் தங்கம் வென்றார். மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி காலணி வாங்க வசதியின்றித் தொடக்கத்தில் வெறுங்காலுடன் போட்டிகளில் ஓடினார். பயிற்சியாளர் கண்ணனின் உதவியுடன் மதுரை லேடி டோக் கல்லூரியில் பயின்று, 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். வசதியின்மையால் வெறுங்காலுடன் ஓடுவதும், தேர்ந்து அவ்வாறு ஓடுவதும் ஒன்றல்ல. முள், கண்ணாடித்துண்டு, கோடையில் சுடும் தரை ஆகியவற்றிலிருந்து காலணியே காக்கிறது.

பழக்க மாற்றமும் காயங்களும்

எலும்பும் தசைநாணும் புதிய சுமைக்கு மெதுவாகவே பழகும். காலணியிலிருந்து வெறுங்காலுக்கோ, வெறுங்காலிலிருந்து ஆணிக்காலணிக்கோ திடீரென மாறினால் குதிநாண் வலி, குதிகால் வலி, பாத எலும்புகளில் நுண்முறிவு ஆகியன ஏற்படலாம். ஆகவே புதிய முறையில் சிறு தொலைவில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக உயர்த்துவது பரிந்துரைக்கப்படுகிறது. எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிப்பதும், ஓய்விலும் வலி நீடிப்பதும் நுண்முறிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.