எதிர்பார்ப்பும் சம்பூர் தந்த பாடமும்

புதிய ஜனாதிபதி ஒருவர் பதவியேற்கும்போதெல்லாம் திருகோணமலை மாவட்டத் தமிழ், முஸ்லிம் மக்கள் மாற்றத்தை எதிர்பார்க்கின்றனர். அந்த எதிர்பார்ப்பு வீணானதல்ல என்பதற்குச் சம்பூர் சான்றாகும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரின் மக்கள் 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்களும் போரினால் வெளியேறினர். மூதூர் மக்கள் வாரக்கணக்கில் ஊர் திரும்பினர். சம்பூர் மக்களுக்கோ போர் ஓய்ந்த பின்னரும் வழி திறக்கவில்லை. 818 ஏக்கர் காணி முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 237 ஏக்கரில் கடற்படை முகாம் அமைந்தது.

2015 ஜனவரியில் தமிழ், முஸ்லிம் வாக்குகளின் பேராதரவுடன் வெற்றியீட்டிய மைத்திரிபால சிறிசேன, மே மாதத்திலேயே அந்த ஒதுக்கீட்டு வர்த்தமானியை இரத்துச் செய்தார். ஆகஸ்டில் காணிகள் கையளிக்கப்பட்டன. முகாம் காணியும் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. ஆனால், அவர் ஆட்சியில் வாக்களிக்கப்பட்ட புதிய அரசியலமைப்பு நிறைவேறவேயில்லை. ஆரம்ப மாதங்களில் செய்யப்படுவதே நிலைக்கிறது. ஒத்திவைக்கப்படுவது கைநழுவிப் போகிறது என்பதே நாம் கண்ட பாடமாகும்.

2024 செப்டெம்பரில் சஜித் பிரேமதாசவுக்கு முதலிடம் அளித்த இம்மாவட்டம், இரண்டே மாதங்களில், ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்குத் தனது 4 ஆசனங்களில் 2 ஐ வழங்கியது. நாடாளுமன்றத்தில் 159 ஆசனங்களைப் பெற்ற அரசு, பெரும்பான்மை போதாதெனக் காரணங்கூற இயலாது. மக்கள் கேட்பது சலுகையன்று. தம் காணியும் கடலும் தமக்கே என்ற உறுதிப்பாட்டையே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.