குளிரில் சாகாத கிருமிகள்



தோட்டத்து லயங்களில் ஐஸ்பெட்டி இல்லாத காலம் ஒன்று இருந்தது. மீந்த குழம்பை, இரவு படுக்கப்போகுமுன் நம் பாட்டிமார் ஒரு கொதி கொதிக்க வைத்து மூடிவைப்பார்கள். பின்னர் ஐஸ்பெட்டி வந்தது. அதற்குள் வைத்தால் கிருமிகள் குளிரில் செத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் சரிதானா? கிருமிகள் குளிரை எவ்வாறு சமாளிக்கின்றன என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிச் என்னும் மருத்துவர் ஜெர்மனியில் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது, சிறு கோல் போன்ற ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயரைத் தாங்கி அது இன்று ஈ.கோலி எனப்படுகிறது. நம் குடலில் வாழும் இக்கிருமி, நம் உடற்சூடான 37 டிகிரி செல்சியஸில் விரைவாகப் பெருகும்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1987இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பமேலா ஜோன்ஸ், பிரெடரிக் நைதார்ட் முதலியோர் ஒரு சோதனை செய்தனர். 37 டிகிரியில் வளர்ந்துகொண்டிருந்த ஈ.கோலியைத் திடீரென 10 டிகிரிக்கு மாற்றினர். உடனே பெருக்கம் நின்றுவிட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் அப்படியே இருந்தது. ஆனால் அது சாகவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட புரதங்களை மும்முரமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. பிறகு, அந்தக் குளிரிலேயே மெல்ல மெல்லப் பெருகத் தொடங்கியது!

அப்புரதங்களுள் முதன்மையான ஒன்றை 1990இல் மசயோரி இனூயே என்ற அறிஞரின் குழுவினர் இனங்கண்டு விளக்கினர். சி.எஸ்.பி.ஏ. என்பது அதன் பெயர். எழுபதே அமினோ அமிலங்கள் கோத்த மிகச் சிறிய புரதம் அது. குளிர் தாக்கியதும், கிருமி புதிதாக உருவாக்கும் புரதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் இது ஒன்றே ஆகிவிடுகிறது.

இப்புரதம் செய்யும் வேலை என்ன? உயிரணுவுக்குள் கட்டளைகளைச் சுமந்து செல்லும் நூல் போன்ற பொருள் ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. என்பார்கள். அந்தக் கட்டளையைப் படித்தே உயிரணு தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. குளிரில் இந்த நூல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பூத்தொடுக்கும்போது நூல் சிக்கிக்கொண்டால் கை நின்றுவிடுகிறதல்லவா? அதுபோலவே கிருமியின் வேலையும் நின்றுவிடுகிறது. சி.எஸ்.பி.ஏ. அந்த நூலைப் பற்றிக்கொண்டு சிக்கு விழாமல் காக்கிறது. இதனை இனூயே குழுவினர் 1997இல் எடுத்துக்காட்டினர்.

ஐஸ்பெட்டியின் 4 டிகிரிக் குளிரில் ஈ.கோலியால் பெருக இயலாது. ஆனால் 1926ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் பெருகும். இதே குடும்பத்துப் புரதங்கள் அதற்கும் துணைசெய்கின்றன.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியன்று. 1981இல் கனடாவின் கடலோர மாகாணமாகிய நோவா ஸ்கோஷியாவில் 41 பேரை லிஸ்டீரியா நோய் பற்றியது. அவர்களுள் 34 பேர், கருவுற்ற தாய்மாரோடும் பிறந்த சிசுக்களோடும் தொடர்புடையவர்கள். கருச்சிதைவுகளும் குழந்தை மரணங்களும் நேர்ந்தன. காரணத்தைத் தேடியபோது, சமைக்காமல் உண்ணும் முட்டைக்கோஸ் கலவை ஒன்று அகப்பட்டது. நோயுற்ற ஆடுகளின் எருவிட்டு வளர்த்த கோஸ், குளிர்க் கிடங்கில் நெடுநாள் இருந்திருக்கிறது. காய் கெடாமலிருக்க வைத்த குளிரிலேயே கிருமியும் வளர்ந்திருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, ஐஸ்பெட்டியை விட்டுவிட வேண்டியதில்லை. பெரும்பாலான கிருமிகளின் வேகத்தை அது குறைக்கிறது. ஆனால் குறைப்பது வேறு, கொல்வது வேறு. லிஸ்டீரியாவைக் கொல்வது சூடுதான். மீந்த உணவை நெடுநேரம் வெளியில் விடாமல் உள்ளே வையுங்கள். நாள்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். எடுத்தால் ஆவி பறக்க முழுவதும் சூடாக்கி உண்ணுங்கள். மாட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இவற்றில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஐஸ்பெட்டி வந்த பிறகும், பாட்டி வைத்த அந்த ஒரு கொதியை நாம் மறந்துவிடலாகாது.