ஆர்க்கிட் புதுத்தளிர் பராமரிப்பு

வீட்டு முற்றத்திலும் பால்கனியிலும் மொட்டைமாடி நிழல்வலைக்கு அடியிலும் வளர்க்கப்படும் ஆர்க்கிட் செடிகளில், வளர்பருவந்தோறும் அடிக்கண்ணிலிருந்தோ தண்டின் நுனியிலிருந்தோ தோன்றும் குருத்தையும் இலையையும் வேரையும் காத்து முதிரச் செய்யும் முறைகள் புதுத்தளிர் பராமரிப்பு எனப்படும். ஏறத்தாழ 28,000 இனங்களைக் கொண்ட ஆர்க்கிட் குடும்பத்தில் வீடுகளில் வளர்க்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை தொற்றுச்செடிகள். அதாவது, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு நின்றாலும் அம்மரத்திலிருந்து உணவு எதையும் உறிஞ்சாமல், மழைநீரையும் கிளையில் படியும் மட்கையும் கொண்டே வாழ்பவை. மண்ணில் வேரூன்றும் செடிகளுக்குப் பழகிய கை இவற்றின் தளிரைக் கையாளும்போது தவறுவதற்கு இவ்வேறுபாடே காரணம். பூக்காலத்தில் செடிக்குக் கிடைக்கும் கவனம் தளிர்க்காலத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் அடுத்த பூக்கொத்தின் நீளமும் பூக்களின் எண்ணிக்கையும் தளிர் முதிரும் அந்தச் சில மாதங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன.

ஆர்க்கிட் வளரும் பாங்கு இருவகைப்படும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் ஃபிட்ஸர் இக்குடும்பத்தை வகைப்படுத்தியபோது இவ்வேறுபாட்டுக்குச் சிறப்பிடம் அளித்தார். டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம், சிம்பிடியம் முதலியவற்றில் ஒரு தளிர் எழுந்து ஓரளவு உயரத்தோடு தன் வளர்ச்சியை முடித்துக்கொள்ள, அதன் அடியிலுள்ள கண்ணிலிருந்து அடுத்த தளிர் கிளம்புகிறது. இது தொடர்தண்டு வளர்ச்சி. இவ்வாறு முதிர்ந்த தண்டு பருத்து, நீரையும் மாவுப்பொருளையும் சேமித்து வைக்கும்போது அது போலிக்குமிழ் என்று பெயர் பெறும். ஃபலனாப்சிஸ், தமிழகத்து மரங்களில் இயல்பாகவே வளரும் வாண்டா டெஸ்ஸெலாட்டா போன்றவற்றிலோ ஒரே தண்டு நுனியில் இலைமேல் இலையாக ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது. இது ஒற்றைத்தண்டு வளர்ச்சி. முதல் வகையில் ஒரு தளிர் அழுகிப்போனாலும் பக்கத்துக் கண் விழித்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டாம் வகையில் நுனிக்குருத்து அழுகினால் செடியின் மேல்நோக்கிய வளர்ச்சி அத்துடன் நின்று, அடியிலிருந்து பக்கக்கன்று வெடித்தால்தான் செடி பிழைக்கும். எனவே ஃபலனாப்சிஸின் குருத்துக்குள் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது அச்செடியின் உயிரைக் காப்பதற்கு ஒப்பானது.

தொடர்தண்டு வகையில் புதுத்தளிர் தொடக்கத்தில் தனக்கென வேர் ஏதுமின்றித் தாய்க்குமிழின் சேமிப்பிலேயே வளர்கிறது என்பதை உணர்ந்துகொண்டால் பராமரிப்பின் மற்ற விதிகள் தாமே விளங்கும். இலையுதிர்ந்து சற்றே சுருங்கிய பழந்தண்டுகளைச் செத்தவை எனக் கருதி வெட்டி எறிவது பரவலான பழக்கம். ஆனால் பச்சையும் உறுதியும் எஞ்சியிருக்கும்வரை அவை தளிருக்கு உணவளித்துக்கொண்டிருக்கின்றன, டென்ட்ரோபியம் கலப்பினங்கள் பலவற்றில் இலையற்ற தண்டின் மேற்கணுக்களிலிருந்து மீண்டும் பூக்கொத்தும் வருவதுண்டு. மஞ்சளித்து மெத்தென்று ஆனவற்றையும் முற்றாகக் காய்ந்தவற்றையும் மட்டும் நீக்குவதே முறை. செடியைப் பிரித்து நடும்போது ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது மூன்று போலிக்குமிழ்களாவது இருக்க வேண்டும் என்னும் நடைமுறையும் இதே காரணத்தால் வந்ததே. ஒற்றைக் குமிழோடு பிரிக்கப்பட்ட கன்றும் பிழைக்கக்கூடும், எனினும் அது பூக்கும் அளவை எட்டச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

தளிர் ஓரளவு வளர்ந்ததும் அதன் அடியில் வேர்முனைகள் தலைகாட்டும். தொற்று ஆர்க்கிட்டின் வேரை வெலாமன் என்னும் வெண்ணிறப் பஞ்சுத்திசு போர்த்தியிருக்கிறது; உயிரற்ற செல்களால் ஆன இவ்வுறை மழைநீர் பட்டவுடன் அதை உறிஞ்சிவைத்து உள்ளிருக்கும் உயிருள்ள வேருக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. உலர்ந்த நிலையில் வெள்ளியாகத் தோன்றும் வேர், நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சையம் தெரிய நிறம் மாறுவதால், நீர் ஊற்றும் வேளையை அறிய அதுவே போதிய அடையாளம் ஆகிறது. பச்சையாகவோ செந்நிறமாகவோ பளபளக்கும் வளர்முனைக்கு மட்டும் இவ்வுறை இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. விரல் உரசினாலும் தொட்டி விளிம்பில் இடித்தாலும் அம்முனை ஒடிந்து வேரின் நீட்சி நின்றுவிடும். ஆகவே வேர் அரும்பிய தொட்டியை இடம் மாற்றும்போது தனிக் கவனம் வேண்டும்.

நீர் ஊற்றும் அளவு இந்நிலைகளுக்கு ஏற்ப மாற வேண்டும். வேரில்லாத இளந்தளிர் நிலையில் தொட்டி அளவாக நனைந்தால் போதும். அப்போது மிகுதியாக ஊற்றப்படும் நீரை உறிஞ்சப் புதுவேர் இல்லாததால் தொட்டியில் நிரப்பிய ஊடகம் நசநசத்துப் பழைய வேர்களும் அழுகத் தொடங்கும். புதுவேர்கள் சில சென்டிமீட்டர் நீண்ட பிறகு, தளிர் விரைந்து பருக்கும் காலத்தில், நீரைத் தாராளமாகக் கொடுக்கலாம். இக்கட்டத்தில் நீரும் காற்றின் ஈரமும் குறைந்தால் ஆன்சிடியம் போன்றவற்றின் இளம் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விசிறி மடிப்பாகச் சுருங்கி வெளிவரும். மடிப்பு விழுந்த இலை பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் விரியாது என்பதால், அச்செடி வாடிய காலத்தை அவ்விலை உதிரும்வரை காட்டிக்கொண்டே இருக்கும்.

தளிருக்கு நேரும் கேடுகளுள் கொடியது அழுகல். குழல்போலச் சுருண்டிருக்கும் இளம் இலைகளுக்குள் தங்கும் நீரில் பிதியம், ஃபைட்டோஃப்தோரா ஆகிய நீர்ப்பூஞ்சைகள் பெருகிக் கருப்பழுகலை உண்டாக்குகின்றன. ஃபலனாப்சிஸில் அசிடோவோராக்ஸ் என்னும் பாக்டீரியா, நீர் கோத்த புள்ளியாகத் தொடங்கி விரைவில் பழுப்பாகப் பரவும் இலைப்புள்ளியைத் தோற்றுவிக்கிறது. தமிழகக் கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாது பெய்யும்போது, கூரையற்ற இடத்தில் நிற்கும் தளிர்கள் இவ்வாறு பெருமளவில் அழிகின்றன. மழையைவிட, மழைக்குப் பின் காற்றோட்டமின்றி நிற்கும் ஈரமே இதற்குப் பெரிதும் பொறுப்பு. காலையில் நீர் ஊற்றி மாலைக்குள் குருத்து உலர விடுவதும், தொட்டிகளை நெருக்கி வைக்காமல் இருப்பதும், குருத்தில் நீர் தங்கிவிட்டால் தாள் முனையால் ஒற்றி எடுப்பதும் தடுப்பு வழிகள். அழுகல் தொடங்கிவிட்டால் தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் நலமான திசு தெரியும்வரை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லியோ இலவங்கப்பட்டைத் தூளோ தடவி, அச்செடியைச் சில நாள் நீரின்றித் தனியே வைக்க வேண்டும். இலவங்கப்பட்டைத் தூள் ஈரத்தை இழுத்து உலர்த்துவதால் வேர்களில் அது படக்கூடாது.

புதுத்தளிரின் இலைகள் மெல்லியவை. ஏப்ரல், மே மாத நடுப்பகல் வெயில் ஒரே நாளில் அவற்றைப் பொசுக்கி வெளிறிய வடுவாக்கிவிடும். டென்ட்ரோபியத்துக்குப் பாதியளவு வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலையும், ஃபலனாப்சிஸுக்கு அதைவிட அடர்ந்த நிழலும் தேவை. உரத்தைப் பொறுத்தவரை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 20-20-20 போன்ற நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் கரைத்து வாரம் ஒருமுறை தெளிப்பது, மாதம் ஒருமுறை வலுவாகக் கொடுப்பதைக் காட்டிலும் நன்று. கேட்லியாவின் இளந்தளிர் நுனி கருத்துக் காய்வதற்கு அழுகல் மட்டுமின்றிச் சுண்ணாம்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். இச்சத்து முதிர்ந்த இலையிலிருந்து இளம் இலைக்கு நகராது என்பதால், வேர் வழியாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்தான் தளிருக்குக் கிட்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் வேர்முனைகள் கருகுவது உண்டு. இயன்றபோது மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், மாதம் ஒருமுறை வெறும் நீரால் ஊடகத்தை அலசி உப்பை வெளியேற்றுவதும் இதற்குத் தீர்வு.

தொட்டி மாற்றும் காலமும் தளிரையொட்டியே அமைய வேண்டும். புதுத்தளிரின் அடியில் வேர்கள் அரும்பத் தொடங்கும் வேளையே மிகப் பொருத்தமானது. அதற்கு முன் மாற்றினால் செடி பற்றிக்கொள்ள வேரின்றி ஆடும், பின் மாற்றினால் நீண்ட இளவேர்கள் ஒடியும். புதுத் தொட்டியில் ஊடகமாகத் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துவோர் அவற்றைப் பல நாள் ஊறவைத்து நீரை மாற்றி மாற்றிக் கழுவி உப்பைப் போக்கிய பிறகே இட வேண்டும். அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் விரைவில் மட்காதவை என்பதால் வெப்பமும் மழையும் மிகுந்த ஊர்களுக்கு ஏற்றவை. பழைய குமிழ் தொட்டி விளிம்பையொட்டியும் தளிர் முன்னேறும் பக்கம் இடைவெளியோடும் இருக்குமாறு நட்டு, செடி அசையாதபடி குச்சியோடு கட்டுவது அவசியம். அசையும் செடியில் வேர்முனைகள் தேய்ந்துபோகும்.

இளந்திசு மெல்லியதாயும் சாறு நிறைந்ததாயும் இருப்பதால் பூச்சிகளும் அதையே நாடுகின்றன. நத்தைகள் இரவில் வந்து வேர்முனையையும் குருத்தையும் தின்றுவிடுவதால், இரவில் விளக்கோடு சென்று கையால் பொறுக்குவது எளிய தீர்வு. தளிரை மூடிய உறைகளுக்குள் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒளிந்திருக்கும். எறும்புகள் செடியில் ஏறி இறங்குவது பெரும்பாலும் இவற்றின் அறிகுறி. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். வெயில் நேரத்தில் தெளித்தால் தளிர் கருகும்.

சில வேளைகளில் பூத்தண்டின் கணுவிலோ டென்ட்ரோபியத்தின் மேற்கணுவிலோ வேரும் இலையும் கொண்ட சேய்ச்செடி முளைக்கிறது; வளர்ப்போர் இதைக் கெய்க்கி என்பர். இரண்டு மூன்று வேர்கள் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீண்ட பிறகே இதைப் பிரிக்கலாம். குளிர்காலத்தில் ஓய்வும் குளிர்ந்த இரவுகளும் வேண்டிய டென்ட்ரோபியம் நோபிலே வகைக்கு அக்காலத்திலும் நீரும் தழைச்சத்தும் கொடுத்துவந்தால், பூ வரவேண்டிய கணுக்களில் சேய்ச்செடிகளே வரும் என்பதால், அவை மிகுதியாகத் தோன்றுவதை எப்போதும் செழிப்பின் அடையாளமாகக் கொள்ள முடியாது. ஃபலனாப்சிஸில் புதிதாக எட்டிப்பார்ப்பது வேரா பூத்தண்டா என்ற ஐயம் எழுந்தால், உருண்டு மழுங்கிய முனை வேர் என்றும், சற்றே தட்டையாய் ஒருபக்கம் மடல்போல மடிந்து மேல்நோக்குவது பூத்தண்டு என்றும் கொள்ளலாம்.

பராமரிப்பு சரியாக இருந்ததா என்பதற்குத் தொடர்தண்டு ஆர்க்கிட்டில் நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு: முதிர்ந்து நிற்கும் புதுக்குமிழ் அதற்கு முந்தைய குமிழுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு குமிழ் சிறுத்துக்கொண்டே வந்தால், உரத்தைக் கூட்டுவதற்கு முன் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேர் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.