கார் பரிசு, ரோடு இனாம்

போன சனிக்கிழமை சாமான் வாங்கப் போயிருந்தேன். செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் நம்ம ஆட்கள் கடை ஒன்று. வாசலில் ஒரு புது வெள்ளைக் கார், மூக்கில் பெரிய சிவப்பு ரிப்பன். பத்து பவுண்டுக்குச் சாமான் வாங்கினா ஒரு கூப்பன், தைப்பொங்கலுக்குக் குலுக்கல், அதிர்ஷ்டசாலி காரை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கார் நின்ன இடம் நான் வழக்கமா சைக்கிளைப் பூட்டுற கம்பிக்கு நேர் முன்னாடி. கம்பியைத் தொடக்கூட வழியில்லை. கடைசியில் ஒரு கையில் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு, வாசலில் இருந்தே "அண்ணே, அரிசி ஒண்ணு, சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ"ன்னு கத்தி வாங்கினேன். கூப்பனும் மறக்காம கொடுத்தார் :-)

இதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இன்னொரு கதை. மைல் எண்ட் காலேஜுக்கு இங்கிருந்து சைக்கிளில்தான் போறேன். மேனர் பார்க் பக்கம் ஒரு கார் என் முழங்கையை உரசுற மாதிரி வந்து, கண்ணாடியை இறக்கி, "ரோடு டாக்ஸ் கட்டிட்டு ரோட்டுக்கு வா"ன்னு ஒரு குரல். கூடவே ரெண்டு கெட்ட வார்த்தை. கை நடுக்கம் நிக்க ஸ்ட்ராட்ஃபோர்ட் வரைக்கும் ஆச்சு. சாயங்காலம் அம்மாகிட்ட உளறிட்டேன். "சைக்கிளை வித்துட்டு ட்ரெய்ன்ல போடி"ன்னு உத்தரவு.

சரி, விற்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடலாம்னு லைப்ரரியில் உட்கார்ந்தேன். இந்த ரோடு யாருது?

செவன் கிங்ஸ் என்கிற பேருக்கே ஒரு கட்டுக்கதை உண்டு. ஏழு ராஜாக்கள் இங்கே ஓடையில் குதிரைக்குத் தண்ணி காட்டினாங்களாம். உண்மையில் அது ஒரு பழைய சாக்சன் கூட்டத்தின் பேர் மருவி வந்தது. ராஜாவும் இல்லை, ஏழும் இல்லை. ஆனா ரோடு மட்டும் நிஜமாவே பழசு. இப்போ ஏ118 என்கிற இந்த ஹை ரோடு, ரோமானியர்கள் லண்டனில் இருந்து கோல்செஸ்டருக்குப் போட்ட பாதையின் தடத்தில்தான் போகுது. பல நூற்றாண்டுகளாக நடந்தவர்களும் குதிரைகளும் மாட்டு மந்தைகளும் கோச்சு வண்டிகளும் போன ரோடு. 1839ல் மைல் எண்டில் இருந்து ரோம்ஃபோர்டுக்கு ரயில் வந்தது. கோச்சு வண்டி வியாபாரம் படுத்தது. இங்கிலாந்து முழுக்க இதே கதைதான். ரயில் வந்த பிறகு நெடுஞ்சாலைகளைக் கவனிக்க ஆள் இல்லாம குண்டும் குழியுமா கிடந்தது.

அந்தக் குழிகளைப் பத்தி முதலில் சத்தம் போட்டது கார்காரங்க இல்லை. அப்போ காரே கிடையாது. 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது, ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட சம அளவில், நாம இன்னிக்கு ஓட்டுற மாதிரி. அடுத்த வருஷமே, 1886ல், சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தன. ரோடு போடுவது எப்படி என்று துண்டுப் பிரசுரம் அடித்தார்கள், அதிகாரிகளுக்கு மனு மேல மனு போட்டார்கள். 1888ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளும் ஒரு 'வண்டி'தான் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. அதாவது ரோட்டில் போக உரிமை உண்டு.

இந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் வில்லியம் ரீஸ் ஜெஃப்ரீஸ். சைக்கிள் ஆர்வலராக ரோட்டுக்காகப் பேச ஆரம்பித்தவர் பிறகு கார்காரர்கள் சங்கத்திலும் பொறுப்புக்கு வந்தார். 1910ல் அரசாங்கத்தின் சாலை வாரியத்துக்கே செயலாளரானார். சைக்கிளில் ஏறிப் போய் காரில் இறங்கின மாதிரி! கார்ல்டன் ரீட் என்கிற பத்திரிகையாளர் இந்த வரலாற்றைப் பத்தி 2014ல் ஒரு முழு புத்தகமே எழுதியிருக்கார்.

இப்போ அந்த 'ரோடு டாக்ஸ்' சமாச்சாரத்துக்கு வருவோம்.

1920ல் வந்த சட்டப்படி கார் வரிப் பணம் சாலை நிதி என்கிற தனி உண்டியலுக்குப் போனது. 1926ல் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அந்த உண்டியலில் கை வைத்தார். கார் வைத்திருப்பவர் வரி கட்டினதால் ரோட்டுக்கே சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்பதுதான் அவர் வாதம். 1937ல் கார் வரிக்கும் ரோட்டுச் செலவுக்கும் இருந்த நேரடி முடிச்சையே அவிழ்த்துவிட்டார்கள். இன்னிக்கு ஏ118 மாதிரியான உள்ளூர் ரோடுகளுக்குச் செலவாவது கவுன்சில் வரியும் பொது வரியும். கார்காரங்க கட்டுவது வண்டி மேல் போடும் வரி, அதுவும் புகையைப் பொறுத்து மாறும். 2025 ஏப்ரல் வரைக்கும் எலக்ட்ரிக் கார்களுக்கு அந்த வரி பூஜ்யம். அந்தக் கார்களைப் பார்த்து யாரும் கண்ணாடியை இறக்கிக் கத்தினதா எனக்குத் தெரிஞ்சு இல்லை.

(முழுநேர மாணவர்களுக்குக் கவுன்சில் வரியும் கிடையாது. இதை அந்தக் கார்காரர்கிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.)

வேடிக்கை என்னன்னா, எங்க தாத்தா நிஜமாவே சைக்கிளுக்கு வரி கட்டினவர். நம்ம ஊரில் அந்தக் காலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் வருஷா வருஷம் சைக்கிளுக்கு வரி வாங்கி ஒரு சின்ன வில்லை கொடுப்பாங்க. அதை வண்டியில் மாட்டலைன்னா அபராதம். தாத்தாவின் சைக்கிள் ஹெர்குலிஸ். பேர் பர்மிங்ஹாம் கம்பெனியோடது, வண்டி பிறந்தது அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸில். வரி கட்டிய அந்த மனுஷன் பஸ் ஹாரன் அடிச்சா இறங்கி மண்ணில் நின்னு வழி விட்டுத்தான் வாழ்நாள் பூரா ஓட்டினார். ஆக, வரிக்கும் ரோட்டு மரியாதைக்கும் அங்கேயும் சம்பந்தம் இல்லை.

அப்போ மரியாதை எப்படிப் போச்சு? இங்கிலாந்தில் 1930ல் வந்த சட்டம் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. 1934ல் மட்டும் ரோட்டில் செத்தவர்கள் 7,343 பேர். பயந்துபோய், ஊருக்குள் 30 மைல் வரம்பைக் கொண்டுவர அதே வருஷம் சட்டம் போட்டார்கள். அந்த டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா மேற்கு லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் நாட்டின் முதல் தனி சைக்கிள் பாதையைத் திறந்து வைத்தார். நம்ம பக்கமும் ரோம்ஃபோர்ட் தாண்டி சவுத்எண்ட் போகும் பெரிய ரோட்டில் அந்தக் காலத்துப் பாதைகள் உண்டு.

சைக்கிள் சங்கத்தார் சந்தோஷப்பட்டிருக்கணும் இல்லையா? எதிர்த்தார்கள்! ஓரத்தில் ஒரு பாதையை இனாமா வாங்கிக்கிட்டா, நாளைக்கு முழு ரோட்டில் இருந்தும் விரட்டிடுவாங்க என்பது அவர்கள் பயம். முதலில் படிச்சப்போ எனக்கு எரிச்சலா இருந்தது. உயிர் போற நேரத்தில் என்ன கௌரவம்னு. ரெண்டாவது தடவை படிச்சப்போதான் புரிஞ்சது. ரோட்டைக் கேட்டு வாங்கினவர்களுக்கு ரோட்டோரத்தைப் பரிசா கொடுத்தா வலிக்கத்தானே செய்யும்? ஆனா கடைசியில் ரெண்டுமே இல்லாம போச்சு. 1949ல் பிரிட்டனில் சைக்கிளில் போன தூரம் சுமார் 1,470 கோடி மைல். 1973ல் அது சுமார் 230 கோடி மைல். நடுவில் யாரும் சைக்கிளைத் தடை பண்ணலை. ரோட்டை அகலப்படுத்தி, பார்க்கிங் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கார்களுக்குக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். ரிப்பன் கட்டாம, குலுக்கல் போடாம கொடுத்த பரிசு அது.

இன்னிக்கும் அதன் மிச்சம் என் தினசரி வழியில் இருக்கு. லண்டனின் சைக்கிள் சூப்பர்ஹைவே இரண்டு, ஆரம்பத் திட்டப்படி ஆல்ட்கேட்டில் இருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் வரணும். அதாவது எங்க வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும். 2011ல் திறந்தப்போ போவோடு நின்னுபோச்சு. அதிலும் பெரும்பாலும் நீல பெயிண்ட்தான். அந்த வருஷமே போ ரவுண்டானாவில் ரெண்டு சைக்கிள்காரர்கள் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். அப்புறம் 2013ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை நீட்டினார்கள். 2016ல் பழைய பகுதிக்கும் கல் தடுப்பு வந்தது. இல்ஃபோர்ட் வரவே இல்லை. எங்க ரெட்பிரிட்ஜ் கவுன்சில் 2020ல் கிரான்புரூக், பார்க்கிங்சைடு பக்கம் சில தெருக்களில் குறுக்கே புகும் கார்களைத் தடுத்துப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பினதும் சில வாரத்தில் எடுத்துட்டாங்க.

நான் தங்கியிருக்கும் வீட்டு அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். மினிகேப் ஓட்டுறார். இதையெல்லாம் ராத்திரி சமையலறையில் அவரிடம் கொட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம டீயைக் குடிச்சார்.

"பிள்ளை, தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பெட்ரோல் தடை. கார் வச்சிருந்தவையே மண்ணெண்ணெய் விட்டுத்தான் ஓடினவை. நாங்கள் எல்லாம் சைக்கிள். இடம்பெயரேக்கையும் அம்மாவைப் பின்னால வச்சுக் கொண்டுதான் வந்தனான். அப்ப ரோட்டு முழுக்க எங்கட. ஆனா இங்க பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால்தான் வீட்டு லோன் கட்டலாம். முன்னால ஒரு சைக்கிள் மெதுவாப் போனா எனக்கும் கோவம் வருது. என்ன செய்யிறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அவர் பொய் சொல்லலை. ரோட்டில் கத்தின அந்த ஆளும் ஒருவேளை பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினவரா இருக்கலாம்.

அப்போதான் அம்மா ஞாபகம் வந்தது. எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1991ல் அறிவொளி இயக்கம் வந்தப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோட சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரியில் வேலை பார்த்தவங்க, விவசாயக் கூலிகள், கிராம நர்சுகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேல் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. பி. சாய்நாத் இதை எழுதியிருக்கார். நிறைய பேர் ஆண்கள் ஓட்டும் பார் வச்ச சைக்கிளையே கேட்டாங்களாம், முன்னாடி பிள்ளையை உட்கார வைக்கலாம்னு. எங்க அம்மாவும் அந்த லட்சத்தில் ஒருத்தி. சந்தையில், டீக்கடை வாசலில் வாங்கின கேலியை எல்லாம் இன்னிக்கும் வரிசையா சொல்லுவாங்க. அவங்க யாரும் ரோட்டை யாரும் கொடுப்பாங்கன்னு காத்திருக்கலை. ஓட்டினாங்க, கூட்டமா ஓட்டினாங்க, கேலி ஓய்ஞ்சது. பத்து வருஷம் கழிச்சு, 2001-02ல், அரசாங்கமே ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. எனக்கும் ஒண்ணு கிடைச்சது. இன்னிக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் முதல் பரிசு கார். பரிசு வளர்ந்துடுச்சு. ரோட்டோரம் மட்டும் தாத்தா காலத்து மண்ணாகவே இருக்கு.

இதைத்தான் அம்மாகிட்ட போனில் சொன்னேன். "நீ அன்னிக்கு வித்திருந்தா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். "லைட் போட்டுக்கிட்டு ஓட்டு"ன்னு மட்டும் வந்தது.

அங்கிளுக்கு ஒரு விஷயம் புதுசா தெரிஞ்சது. 2022 ஜனவரி 29ல் மாறின ஹைவே கோட்படி, 30 மைல் வேகம் வரைக்கும் சைக்கிளைத் தாண்டும்போது குறைஞ்சது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும். கூட்டமும் குறுகலும் உள்ள இடத்தில் சைக்கிள்காரர் பாதையின் நடுவில் போகலாம். "நான் லைசென்ஸ் எடுத்தது எப்பவோ"ன்னார். ஒன்றரை மீட்டர்னா எவ்வளவுன்னு கேட்டார். தையல் டேப்பை எடுத்து சமையலறையில் அளந்து காட்டினேன். அடுப்பில் ஆரம்பிச்சு கதவு வரைக்கும் வந்தது.

"இவ்வளவோ?" என்றார். ஆமா அங்கிள், இவ்வளவுதான்.

டிஸ்கி: கூப்பனை அங்கிளுக்கே கொடுத்துட்டேன். கார் விழுந்தா ஒரே ஒரு நிபந்தனை, அதை அந்த சைக்கிள் கம்பி முன்னாடி நிறுத்தக் கூடாது.